நெல்லைப் பக்கம் பணம் திரட்டி குடல் நோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியுமா?

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்குக் கிரோன்ஸ் நோய். முதலில் குடலில் டிபி என்று சொல்லி ஒன்பது மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வயிற்றுவலி நிற்கவில்லை, எடை குறைந்துகொண்டே போயிருக்கிறது, அப்புறம்தான் கிரோன்ஸ் என்று தெரிந்திருக்கிறது. "இந்த நோய்க்கு ஆராய்ச்சி நடக்கட்டும் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் பணம் திரட்ட நினைக்கிறோம். மக்கள் கொடுப்பார்களா, எவ்வளவு சேர்ந்தால் பயன், யாரிடம் கொடுப்பது?" என்று எழுதியிருக்கிறார். பார்த்தால் மூன்று கேள்விகள். ஆனால் எனக்குக் கேட்பது ஒன்றுதான்: நம் ஊர் மனிதர்கள் தரும் ஐநூறும் ஆயிரமும் இவ்வளவு பெரிய நோயின் ஆராய்ச்சிக்கு எந்த மூலைக்குக் காணும்? காணும் என்றுதான் நினைக்கிறேன். எந்த மூலைக்கு என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் மருத்துவர் இல்லை. குடல் நோய்ப் பிரிவு ஒன்றில் பத்தொன்பது வருடம் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். நோயாளிகளிடம் ஆய்வைப் பற்றி விளக்கிக் கையெழுத்து வாங்குவது, ரத்த மாதிரியையும் மல மாதிரியையும் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது, ஆய்வால் நோயாளிக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவுக்குக் காகிதம் தயார் செய்வது, ஆய்வுப் பணத்துக்குக் கணக்கு வைப்பது, இதெல்லாம் என் வேலை. இன்னொரு பக்கம், எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைக்கு ஆறு வருடம் வரிக் கணக்குப் பார்த்தவன். உங்கள் கேள்விக்கு இந்த இரண்டாவது அனுபவமும் அதே அளவு உதவும் என்று படுகிறது.

முதலில் பெயரைச் சரி செய்துகொள்ளுங்கள். 'குடல் அழற்சி நோய்' என்று நோட்டீஸ் அடித்தால் பாதிப் பேர் அப்பெண்டிக்ஸ் என்று நினைப்பார்கள், ஏனென்றால் குடல்வால் அழற்சி என்ற சொல்தான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. மீதிப் பேர் அல்சர் என்பார்கள், நேரத்துக்குச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று புத்தி சொல்வார்கள். இதில் முக்கியமாக இரண்டு நோய்கள். ஒன்று அல்சரேட்டிவ் கொலைடிஸ்: பெருங்குடலின் உட்புறத்தில் புண், ரத்தமும் சளியுமாக மலம், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பத்துத் தடவை ஓட வேண்டும். மூலம் என்று நினைத்து வருடக்கணக்கில் மூலத்துக்கே மருந்து தின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று உங்கள் தம்பிக்கு வந்திருக்கும் கிரோன்ஸ்: வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், குடல் சுவரின் ஆழத்துக்குப் போகும், குடலைச் சுருக்கும், சில நேரம் ஓட்டை போட்டுப் புரையோட வைக்கும். 1932-ல் நியூயார்க்கில் பர்ரில் கிரோன் என்ற மருத்துவர் இரண்டு சகாக்களோடு இதை விவரித்து எழுதியதால் அந்தப் பெயர். நோட்டீஸில் 'ஆறாத குடல் புண் நோய்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே இரண்டு பெயரையும் தமிழில் எழுதுங்கள். பக்கத்திலேயே 'இது தொற்று நோய் அல்ல' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

இனி உறுதியாகத் தெரிந்தது எது என்று சொல்கிறேன், ஏனென்றால் பணம் கேட்டுப் போகிற இடத்தில் உங்களிடம் இதைத்தான் கேட்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. அதற்குப் பரம்பரையும் குடலில் வாழும் நுண்ணுயிர்களும் சுற்றுச்சூழலும் சேர்ந்து காரணம் என்பது தெரியும். இந்த மூன்றும் ஒரு குறிப்பிட்ட மனிதருக்குள் எப்படிச் சேர்ந்தன என்பது தெரியாது. அடக்கி வைக்க மருந்து உண்டு, அடியோடு போக்க இல்லை. புகையிலை கிரோன்ஸை மோசமாக்கும் என்பதில் சந்தேகமில்லை. லூதியானாவில் மக்களிடையே போய் எண்ணி, அல்சரேட்டிவ் கொலைடிஸ் லட்சத்துக்கு 44 பேருக்கு இருப்பதாக 2003-ல் வெளியிட்டார்கள். 'மேலைநாட்டு நோய்' என்ற பேச்சுக்கு நம் நாட்டிலிருந்தே வந்த நல்ல பதில் அது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வந்து 'நெல்லை மாவட்டத்தில் இத்தனை ஆயிரம் பேர்' என்று பேனரில் போடாதீர்கள். அது பஞ்சாபின் கணக்கு. தாமிரபரணிக் கரையில் அப்படி எண்ணிய கணக்கு எதுவும் என் கைக்கு வந்ததில்லை. நம் பக்கம் இந்த நோய் கூடி வருகிறதா, அல்லது ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி வசதி பெருகியதால் கண்ணில் படுவது கூடியிருக்கிறதா என்று என்னைக் கேட்டால், பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

புது மருந்து கண்டுபிடிக்கப் பணம் திரட்டுகிறோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1998-ல் கிரோன்ஸுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி ஒரு மருந்து பிறக்க ஆகும் செலவு நம் மாவட்டத்து உண்டியல்களில் அடங்காது. கொடுக்கிறவர்களுக்கும் அது தெரியும், அந்த இடத்திலேயே நம்பிக்கை போய்விடும். அதே சமயம், சாதாரணக் குடும்பங்கள் தொடங்கி ஒன்றும் ஆகாது என்றும் சொல்ல முடியாது. நோய் வீட்டுக்குள் வந்துவிட்ட இரண்டு குடும்பங்கள் ஒரு மருத்துவரோடு சேர்ந்து 1967-ல் நியூயார்க்கில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அமெரிக்காவில் இந்த நோய்களின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் பெரிய அமைப்புகளில் அது ஒன்று. நம் பக்கத்துக்கே வாருங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பொதுமக்களிடம் பணம் திரட்டித்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அங்கே வைத்தியத்தோடு ஆராய்ச்சியும் வளர்ந்தது. அந்த நாளில் புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் உரக்கச் சொல்லவே தயங்குவார்கள். இன்று ரத்தம் கலந்த மலத்தைப் பற்றிப் பேச நம் வீடுகளில் இருக்கும் தயக்கமும் அதே ஜாதிதான்.

அப்படியானால் சிறிய பணம் எங்கே உறைக்கும்? பதில் நம் மண்ணில் மட்டும் கேட்கக்கூடிய கேள்விகளில். உங்கள் தம்பிக்கு நடந்ததே அதற்கு உதாரணம். குடல் டிபியும் கிரோன்ஸும் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் மூலையை. கொலனாஸ்கோப்பியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி புண். சதை எடுத்துப் பார்த்தாலும் டிபி கிருமி அகப்படுவது பாதிக்கும் குறைவான நேரங்களில்தான். டிபி அதிகமுள்ள நாட்டில் டாக்டர் சும்மா இருக்க முடியாது, டிபி மருந்து கொடுத்துப் பார்க்கிறார். கொடுத்து இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலனாஸ்கோப்பி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல முறை. அந்த இரண்டாவது கொலனாஸ்கோப்பி நடக்காமல் போனால் மாத்திரை மட்டும் மாதக்கணக்கில் ஓடும், உள்ளே குடல் சுருங்கிக்கொண்டே வரும். உங்கள் தம்பி விஷயத்தில் யார் மேலும் நான் குற்றம் சொல்லவில்லை, விவரம் தெரியாமல் சொல்லவும் கூடாது. ஆனால் நம் மாவட்டங்களில் எத்தனை பேருக்கு அந்த இரண்டாவது பரிசோதனை நடக்கிறது, நடக்காமல் போனால் காரணம் பணமா, பயமா, பஸ் வசதியா, யாரும் சொல்லாததா? அமெரிக்கக்காரருக்கு இந்தக் கேள்வி எழவே எழாது. நாம்தான் கேட்டாக வேண்டும்.

இந்த மாதிரி எளிய கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வயிற்று டிபிக்கு ஆறு மாதம் மருந்து போதுமா, ஒன்பது மாதம் வேண்டுமா என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மற்ற மருத்துவமனைகளோடு சேர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதமே போதும் என்ற முடிவு 2015-ல் வெளியானது. புது மாத்திரை எதுவும் இல்லை, பழைய மாத்திரைதான். ஒரு நோயாளிக்கு மூன்று மாதத்து மருந்து மிச்சம், மூன்று மாதத்து வாந்தியும் அசதியும் மிச்சம்.

ஒரு உத்தேசக் கணக்குப் போடுவோம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலும் நூறு நோயாளிகளைச் சந்தித்து, முதல் அறிகுறி என்றைக்கு, நோய் இன்னது என்று தெரிந்தது என்றைக்கு, நடுவில் எத்தனை டாக்டர், எத்தனை மாதம் டிபி மருந்து என்று பதிவு செய்கிறோம் என்று வையுங்கள். ஒரு களப் பணியாளருக்கு மாதம் 20,000 ரூபாய் வீதம் ஒரு வருடத்துக்கு 2,40,000. பஸ், ஆட்டோ, போன் மாதம் 5,000 வீதம் 60,000. நூறு பேருக்கு மலத்தில் கால்ப்ரொடெக்டின் பரிசோதனை (குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது), ஒன்றுக்கு 2,500 என்றால் 2,50,000. புள்ளியியல் பார்க்கிறவருக்கும் அச்சுக்கும் 50,000. மொத்தம் ஆறு லட்சம். முந்நூறு குடும்பங்கள் ஆளுக்கு இரண்டாயிரம் கொடுத்தால் வந்துவிடும். விலைகள் இடத்துக்கு இடம் மாறும், நீங்கள் சேரப்போகும் மருத்துவமனையில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் அளவு இதுதான். எட்டாத அளவில்லை.

பீடி சுற்றும் பெண்களின் குடலுக்குப் புகையிலைத் தூசு ஏதாவது செய்கிறதா என்ற கேள்வி எனக்குப் பல வருடமாக உண்டு. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் போய்வந்தவர்களுக்கு இது ஏன் தோன்றும் என்று புரியும். ஆனாலும் முதல் ஆய்வாக இதை எடுக்காதீர்கள் என்பேன். ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். பாதியில் நின்ற ஆய்வு கொடுத்தவர்கள் மனதில் கசப்பைத்தான் விட்டுப்போகும்.

பணம் கேட்கப் போவதற்கு முன்னால் ஆய்வு செய்யப்போகும் ஆளைப் பிடியுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பணத்தைச் சேர்த்துவிட்டு யாரிடம் கொடுப்பது என்று தேடுகிறார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965-லிருந்து நம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே முதுநிலை படிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வேடு எழுதியே தீர வேண்டும். பரிசோதனைக்குக் காசில்லாமல் கேள்வியையே சுருக்கிக்கொள்ளும் மாணவர்கள் உண்டு. டீன் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி, மருத்துவத் துறையையும் குடல் நோய்ப் பிரிவையும் பார்க்க நேரம் கேளுங்கள். அரசுக் கல்லூரி வெளியாரிடம் பணம் வாங்க நடைமுறை உண்டு, நாளாகும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அங்கே அமையாவிட்டால் வேலூர் சி.எம்.சி. மாதிரி இந்தத் துறையில் நீண்ட நாள் ஆய்வு செய்துவரும் இடங்களோடு பேசி, நம் மாவட்டத்து நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்வீர்களா என்று கேட்கலாம். எங்கே போனாலும் மூன்று காகிதம் கையில் வர வேண்டும்: ஆய்வுத் திட்டம், நெறிமுறைக் குழுவின் அனுமதி, பணம் அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் சேரும் என்ற எழுத்து. மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வாக இருந்தால் அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்த எண்ணும் வேண்டும். டாக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய் போகக் கூடாது. நல்லவரைக் காப்பாற்றுவதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மக்கள் கொடுப்பார்களா என்று கேட்டீர்கள். வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். நம் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்குப் பெயரே கொடை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, நோட்டில் பெயர் எழுதி, பம்பாயிலும் சென்னையிலும் இருக்கிறவர்களுக்குப் போன் போட்டு வாங்கி, வில்லுக்காரருக்கும் பந்தல்காரருக்கும் கொடுத்து, எட்டாம் கொடை முடிந்த இரவு ஊர் கூடி உட்கார்ந்திருக்க மைக்கில் வரவு செலவு வாசிப்போம். தேங்காய் இத்தனை, பூமாலை இத்தனை, ஜெனரேட்டர் டீசல் இத்தனை. ஒரு வருடம் டீசல் பில் ஒன்று தவறிப்போய் நானூறு ரூபாய் உதைத்தது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்து, "நானூறு பெருசில்லப்பா, ஆனா எங்க போச்சுன்னு சொல்லு" என்றார். மறுநாள் பந்தல்காரரிடம் போய் நகல் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்த பிறகுதான் கணக்கை முடித்தோம். ஆய்வுப் பணத்துக்கும் இதே கேள்வியோடு ஒருவர் எழுந்து நிற்பார். நிற்க வேண்டும். அவருக்குப் பதில் சொல்லத் தயாராக இருந்தால் நம் ஊரில் பணம் வரும்.

கொடை வரியில் பங்கு கேட்காதீர்கள், அது அம்மனுக்கு உரியது, சண்டை வரும். ஐந்து நிமிடம் மைக் கேளுங்கள், கொடுப்பார்கள். சி.எஸ்.ஐ. சபைகளில் அசன விழா என்ற பொது விருந்து, அறுப்பின் பண்டிகை ஏலம் எல்லாம் இருக்கிறது. ஒரு வாழைத்தார் அதன் விலையைப் போலப் பல மடங்குக்கு ஏலம் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு பொருளின் ஏலத்தை இதற்கென்று ஒதுக்க முடியுமா என்று சேகரத் தலைவரிடம் (அந்த வட்டாரச் சபைகளின் பொறுப்பாளர்) முன்கூட்டியே பேச வேண்டும். மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ ஜமாஅத்தை அணுகினால் ஜகாத் பணத்தை ஆராய்ச்சிக்குக் கேட்காதீர்கள். ஜகாத் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு வரையறை உண்டு, அதில் ஆய்வு வருமா என்று ஆலிம்கள்தான் சொல்ல வேண்டும். ஸதகாவாக, அதாவது விரும்பிக் கொடுக்கும் தர்மமாகக் கேட்பதில் சிக்கல் குறைவு. வியாபாரிகளிடம் மகமை என்ற பழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, நடக்கும் வியாபாரத்தில் சிறு பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைப்பது. விருதுநகரில் காமராஜர் படித்த பள்ளிக்கூடம் வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடந்தது. ஒரு பிடி அரிசியை யாரும் சிறியது என்று சொல்லவில்லை, பெண்கள் தினமும் உலை வைக்கும்போது எடுத்து வைத்தார்கள். ஒரே தடவையில் ஐயாயிரம் கேட்பதைவிட மாதம் நூறு கேட்பது நம் மக்களுக்குப் பழகிய வழி.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குக் கேட்கிறீர்கள், அதுதான் கஷ்டம். சோறு தெரியும், பள்ளிக்கூடம் தெரியும், ஆராய்ச்சி தெரியாது. ஒருமுறை எங்கள் ஆய்வில் பரிசோதனைக்குப் பணம் போதாமல், துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு டவுனில் தெரிந்த ஒரு பலசரக்குக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி தராசில் உளுந்து நிறுத்தபடியே கேட்டார். "ஆராய்ச்சின்னா என்ன செய்விய?" விவரம் சேர்ப்போம் என்றேன். "சேத்து?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கல்லாவிலிருந்து ஐநூறு ரூபாய் எடுத்து, "நீங்க வந்து கேட்டதுக்குத் தாரேன்" என்று கொடுத்தார். ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன், மனசு ஆறவில்லை. அடுத்த வாரம் மறுபடி போனேன், பையில் ஒரு காலிக் குப்பியோடு. மூடியில் சின்னக் கரண்டி ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் குப்பி, மல மாதிரி எடுப்பதற்கு. "அண்ணாச்சி, குழாய் விடாம, மயக்க ஊசி போடாம, குடல்ல அழற்சி இருக்கா இல்லையான்னு இதுல தெரியும். டிபியா கிரோன்ஸான்னு இது சொல்லாது. ஆனா மருந்து கேக்குதா கேக்கலையான்னு சொல்லும். எங்ககிட்ட இன்னும் பத்துப் பேருக்குப் பாக்கக் காசு இல்ல" என்றேன். குப்பியை வாங்கித் திறந்து, அந்தக் கரண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணுக்கு எவ்வளவு?" என்றார். நாலு பேருக்கு எழுதிக்கொள்ளச் சொன்னார். அவருடைய மைத்துனருக்கு இதே மாதிரி ரத்தப்போக்கு இருப்பதை அன்றைக்குத்தான் சொன்னார், கடைப் பையன் உள்ளே போன பிறகு, குரலைத் தாழ்த்தி. நீங்களும் கையில் ஒரு குப்பியோடு போங்கள்.

குரலைத் தாழ்த்தியதில்தான் அடுத்த விஷயம் இருக்கிறது. முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் அக்கா ஒருவர் எங்கள் பிரிவுக்கு வருவார். மஞ்சப்பையில் ஃபைல், அதற்கு அடியில் ஒரு மாற்றுச் சேலை. பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார், வழியில் எந்த ஊரில் எந்த ஹோட்டல்காரர் கழிப்பறையைத் திறந்துவிடுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊரில் மூலம் என்று சொல்லி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "மூலம்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. இதச் சொன்னா எம்மவளுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது கேப்பாவ" என்றார். நம் ஊரில் எதற்கும் முகம் போட்டு பிளெக்ஸ் வைக்கிறோம். இதற்கு நோயாளியின் படம் வேண்டாம். தானாக முன்வந்தாலும் ஒரு வாரம் யோசிக்கச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். குழந்தைகள் படம் வேண்டவே வேண்டாம். ஒரு வாழ்க்கை வரலாற்றுக்கு இருக்கும் சக்தி எனக்குத் தெரியும், அதைப் பெயரில்லாமலும் சொல்லலாம்.

பணம் வாங்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம். முதல் வருடமே அறக்கட்டளை தொடங்க அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. சங்கமாகப் பதிவதென்றால் தமிழ்நாட்டில் குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதிலேயே உங்கள் தெம்பு போய்விடும். ஆய்வு நடக்கும் நிறுவனத்துக்கே கொடுப்பவர்கள் நேராகச் செலுத்தட்டும், ரசீது அங்கிருந்தே வரட்டும், நீங்கள் கேட்டு வாங்கித் தரும் ஆட்களாக மட்டும் இருங்கள். ஜி-பே நம்பரை வாட்ஸப்பில் போட்டு உங்கள் சொந்தக் கணக்கில் வாங்குவதைத் தயவுசெய்து தவிருங்கள். உண்டியல் வைப்பதென்றால் சீல் வைத்து, இரண்டு பூட்டு போட்டு, சாவி இரண்டு பேரிடம் இருக்க, கடைக்காரர் முன்னாலேயே திறந்து எண்ணுங்கள். வரிச் சலுகை கேட்பார்கள். 80ஜி என்று ஊரில் எல்லாரும் சொல்லும் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், அந்த நிறுவனத்துக்கு அந்தப் பதிவு இருந்தால்தான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது. 2025-ல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால் நோட்டீஸ் அடிக்குமுன் ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணமாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவுள்ள நிறுவனம் மட்டும்தான் வாங்கலாம். சொந்த மாமாதானே என்று இதில் தவறு செய்தவர்கள் உண்டு.

இன்னொன்று, என் அனுபவத்தில் பட்ட அடி. பல வருடங்களுக்கு முன் ஒரு பையனின் அறுவை சிகிச்சைக்கென்று நாங்கள் சிலர் பணம் திரட்டினோம். பாதி சேர்ந்திருக்கும்போதே முதலமைச்சர் காப்பீட்டில் அவனுக்குச் சிகிச்சை நடந்துவிட்டது. கையில் நாற்பதாயிரத்துச் சொச்சம் மிச்சம். திருப்பிக் கொடுப்பதா, அந்தக் குடும்பத்துக்கே கொடுப்பதா, வேறு நோயாளிக்கா என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். ஒரு வருடம் பணம் அப்படியே கிடந்தது, இரண்டு நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதனால் சொல்கிறேன், முதல் நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள்: மிஞ்சினால் என்ன, போதாவிட்டால் என்ன, ஆய்வு நடக்காமல் போனால் என்ன. நோயாளிகளுக்கு மருந்து வாங்கித் தரும் நிதியையும் ஆய்வு நிதியையும் ஒரு நாளும் ஒன்றாக வைக்காதீர்கள். உங்கள் தம்பிக்கே நாளைக்கு ஒரு ஊசி அவசரமாகத் தேவைப்பட்டால் எந்தப் பணத்தை எடுப்பீர்கள் என்று இன்றைக்கே யோசியுங்கள். மருந்து நிதி வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும். தனி நோட்டு, தனிக் கணக்கு.

சந்தேகமானதையும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். ஆய்வு முடிவில் 'தொடர்பு எதுவும் இல்லை' என்று வரலாம். மஞ்சளில் இருக்கும் குர்க்குமினைச் சிறு அளவில் வாய்வழியாகக் கொடுத்து அல்சரேட்டிவ் கொலைடிஸுக்குப் பயன்படுகிறதா என்று எய்ம்ஸில் பார்த்தார்கள். அந்த அளவில் பயனில்லை என்று 2017-ல் வெளியிட்டார்கள். வேறு நாடுகளில் அதிக அளவில் வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பலன் கண்ட ஆய்வும் உண்டு. 'இல்லை' என்ற முடிவும் நோயாளியின் காசைக் காப்பாற்றும். கொடுப்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் யாரும் ஏமாந்ததாக நினைக்க மாட்டார்கள். நீங்கள் பணம் திரட்டும் செய்தி பரவியதும் 'பத்தியம் இருந்தால் நாற்பத்தெட்டு நாளில் குணம்' என்று லேகியம் விற்கிறவர்களும் மேடை தேடி வருவார்கள். நோயாளிகள் நல்ல மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் வந்து விழுவதைப் பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன், அவர்களுக்கு மைக் கொடுக்காதீர்கள்.

மே 19 உலகக் குடல் அழற்சி நோய் நாள், 2010-லிருந்து கடைப்பிடிக்கிறார்கள். வெளிநாட்டில் அன்றைக்கு ஊதா நிறச் சட்டை போட்டு நடைபயணம் போவார்கள். நமக்கு அது அக்கினி நட்சத்திரம். ரத்தம் குறைந்துபோன நோயாளியை அந்த வெயிலில் நடக்க வைக்க வேண்டாம். வ.உ.சி. மைதானத்தில் காலை ஆறு மணிக்கு ஒரு சிறு கூட்டம் போதும், அல்லது ஒரு பள்ளிக்கூட அறையில். எங்கே வைத்தாலும் கழிப்பறை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முந்தின நாள் போய்ப் பார்த்துவிட்டு, அதை அழைப்பிலேயே போடுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நோயாளிகள் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள்.

உங்கள் கேள்வியில் ஒன்று மட்டும் இல்லை. தம்பியிடம் கேட்டீர்களா? நீங்கள் பணம் கேட்டுப் போகும் ஒவ்வொரு வாசலிலும் அவருடைய நோய் தெரிந்துவிடும், சேரன்மகாதேவி அவ்வளவு பெரிய ஊர் இல்லை. அவர் சரி என்று சொன்னால் எனக்கு எழுதுங்கள், டீனுக்குப் போடும் கடிதத்தைச் சேர்ந்து எழுதலாம். வேண்டாம் என்று சொன்னாலும் எழுதுங்கள். அவர் பெயர் எங்கும் வராமல் இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.